மேம்பட்ட சூரிய ஒளி

புதுக்கோட்டையில் ஷர்லி என்றொரு பத்திரிகைக்காரி இருந்தாள். நாளிதழ் ஒன்றில் பதினோரு வருஷம் வெயிலையும் மழையையும் கடலையும் பற்றி மட்டுமே எழுதியவள். கொலை, கொள்ளை, கட்சிக் கூட்டம் என்று மற்ற நிருபர்கள் ஆளுக்கொரு திசையில் ஓடும்போது இவள் மட்டும் கண்மாயைப் பார்க்கப் போகிறேன் என்று ஸ்கூட்டியை எடுப்பாள்.

"கண்மாய்ல யாரும் விழுந்துட்டாங்களா?" என்று ஆசிரியர் கேட்பார்.

"இல்ல சார். தண்ணி இல்ல."

"அப்ப எதுக்குப் போற?"

ஆரம்பத்தில் அவள் எழுதியது ஒருவருக்கும் புரியவில்லை. பசிபிக் கடல் சூடாகிற எல் நினோவால் தென்மேற்குப் பருவமழை குறையும் என்று எழுதினாள். அறந்தாங்கியிலிருந்து ஒரு வாசகர், அந்த எல் நினோ மீது இன்னும் ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கேட்டுக் கடிதம் போட்டார். உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு நாலு மில்லிமீட்டர் ஏறுகிறது என்று எழுதிவிட்டுக் கட்டுமாவடிக்குப் போனாள். அங்கே மீன் ஏலம் விடும் சந்தனம் பேப்பரை அவள் முன்னால் விரித்துப் பிடித்தார்.

"நாலு மில்லிமீட்டர்னா எங்க வலைக்கண்ணுல கால்வாசி கூட வராதும்மா. இதுக்கா பயப்படச் சொல்றீங்க?"

ஷர்லி கடலைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க சின்னப் பிள்ளையா இருக்கையில வள்ளம் கட்டுன எடம் இப்ப எங்கிட்டு இருக்கு?" என்றாள்.

சந்தனம் கடலுக்குள் ஓரிடத்தைக் காட்டிக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. "அடி ஆத்தாடி!" என்றார்.

அன்றைக்குத்தான் ஷர்லி தன் தொழிலைக் கற்றுக்கொண்டாள். விஞ்ஞானி சொல்வதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினால் யாரும் அள்ள மாட்டார்கள். கேட்கிறவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை அவருக்கே எடுத்துக் காட்ட வேண்டும். அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் 'நாளைக்கு எப்படி?' என்றொரு பத்தி எழுதினாள். பொன்னமராவதியில் கடலைக்காட்டில் நிற்பவர்கள் அதைப் படித்தார்கள். மீமிசலில் மீன் காயப்போடும் பெண்கள் அடுத்தவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

பன்னிரண்டாம் வருஷம் ஆசிரியர் அவளைக் கூப்பிட்டுப் பத்தியை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அந்த இடத்தில் ராசிபலன் வரப்போகிறதாம்.

"ரெண்டுமே எதிர்காலத்தைப் பத்தித்தான் ஷர்லி. ஆனா அதுலயாவது மாசத்துக்கு ரெண்டு ராசிக்கு நல்லது நடக்குது."

இப்படித்தான் ஷர்லி, மாவட்டப் பருவநிலை விழிப்புணர்வு முகமையில் போய்ச் சேர்ந்தாள். மக்களுக்குப் பருவநிலையைப் புரிய வைப்பதற்கென்றே தொடங்கப்பட்ட முகமை. மூன்று வருஷமாக நடக்கிறது. இரண்டு மாடி, பதினோரு ஏசி.

முகமையின் இயக்குநர் நாராயணன் கெட்ட மனிதர் இல்லை. கோப்பு இல்லாத எதைக் கண்டாலும் அவருக்குக் கொஞ்சம் பயம், அவ்வளவுதான்.

"மக்கள் மொழியில் பேசத் தெரிஞ்ச ஒருத்தரைத் தொடர்பாளரா நியமிக்கணும்னு மேலிடத்துல உத்தரவு. ஒங்களுக்கு மக்கள் மொழி தெரியும்கிறதுக்குச் சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டார்.

ஷர்லி பதினோரு வருஷப் பேப்பர் நறுக்குகளை மேசைமேல் வைத்தாள். அவர் நாலைந்தைப் படித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"எல்லாம் புரியுதே" என்றார் சந்தேகத்தோடு. பிறகு, "சரி, அட்டெஸ்டேஷன் வாங்கிட்டு வாங்க" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை பதினொரு மணிக்கு, அலுவலகக் கண்காணிப்பாளர் தெய்வானை ஒரு பெரிய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போவதை ஷர்லி பார்த்தாள். கூடவே போனாள். அறைச் சுவரில் வெப்பமானி ஒன்று மாட்டியிருந்தது. தெய்வானை அதைப் பார்த்து, மாவட்ட வெப்பநிலை இருபத்துநாலு டிகிரி என்று பதிவேட்டில் எழுதினார். முந்தின நாளும் இருபத்துநாலு. அதற்கு முந்தின நாளும்.

"மேடம், இதை வெளில வைக்க வேணாமா?"

"போன வருசம் வெளிலதாம்மா இருந்துச்சு. சித்திரை பொறந்ததும் முப்பத்தொம்பது, நாப்பதுன்னு காட்ட ஆரம்பிச்சிருச்சு. சரி, கெட்டுப்போச்சுன்னு உள்ள கொண்டாந்து மாட்டுனோம். இப்ப நல்லா வேலை செய்யுது."

தெய்வானை இதைச் சிரிக்காமல் சொன்னார். ஷர்லியும் சிரிக்கவில்லை. முதல் நாளே சிரித்தால் நன்றாக இருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

சித்திரை முடியும் சமயத்தில் ஒரு திங்கட்கிழமை, சென்னையிலிருந்து வானிலைக் கணிப்பு வந்தது. புதன்கிழமை தொடங்கி மாவட்டத்தின் உட்பகுதிகளில் வெயில் நாற்பத்திரண்டு டிகிரியைத் தொடும். பொன்னமராவதிப் பக்கம் நூறுநாள் வேலையில் கண்மாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஷர்லி உடனே உட்கார்ந்து ஒரு துண்டறிக்கை எழுதினாள்.

'புதன்கிழமை முதல் மூன்று நாளைக்கு வெயில் கடுமையாக இருக்கும். காலை பதினொரு மணிக்கு மேல் வெளியில் வேலை செய்யாதீர்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். வேர்வை நின்றுபோனால் ஆபத்து.'

முகமையிலிருந்து ஒரு சொல் வெளியே போக வேண்டுமென்றாலும் சொற்குழுவின் ஒப்புதல் வேண்டும். செவ்வாய்க்கிழமை குழு கூடியது. தலைவர் லக்ஷ்மணன் துண்டறிக்கையை மூக்குக் கண்ணாடிக்குக் கீழே பிடித்து மூன்று முறை படித்தார்.

"வெயில்ங்கிற சொல் நம்ம அங்கீகரிக்கப்பட்ட பட்டியல்ல இல்லையேம்மா. அது கொஞ்சம் எதிர்மறையான சொல். 'மேம்பட்ட சூரிய ஒளி'ன்னு போடலாம்."

"சார், மேம்பட்டதுன்னா நல்லதுன்னு நெனச்சுக்குவாங்களே."

"நெனைக்கட்டுமே. நல்லதை நெனைக்கிறதுல என்ன தப்பு?"

குழுவின் இரண்டாவது உறுப்பினருக்கு 'வேலை செய்யாதீர்கள்' என்ற இடத்தில் நெருடியது. வேலை செய்யாதே என்று சொல்ல முகமைக்கு அதிகாரம் உண்டா? அது வேறொரு துறையின் அதிகாரம். மூன்றாமவர் தண்ணீரில் மாட்டிக்கொண்டார். "தண்ணி குடிங்கன்னு நம்ம சொன்னா, தண்ணி எங்கன்னு நம்மளையே கேப்பாங்க. அதை எடுத்துருங்க." 'கடுமை' என்பது தனிப்பட்ட கருத்து என்று நாலாமவர் சொன்னார். ஐந்தாம் உறுப்பினர் கடைசியில் எல்லாரையும் திகைக்க வைத்தார்.

"இது ஒப்புதல் ஆகி வெளிய போறதுக்குள்ள புதன்கிழமை முடிஞ்சிருமே. நடந்து முடிஞ்சதை எச்சரிச்சா தப்பான தகவல் ஆயிராதா?"

குழு அந்தக் கேள்வியின் ஆழத்தை உணர்ந்தது. கூட்டம் வியாழக்கிழமைக்குத் தள்ளி வைக்கப்பட்டது. வியாழன் மாலை துண்டறிக்கை இறுதி வடிவம் பெற்றது.

'உரிய காலத்தில், உரிய இடங்களில், மேம்பட்ட சூரிய ஒளி உரியவர்களால் உணரப்படக்கூடும்.'

"இதுல யாரும் ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்றார் லக்ஷ்மணன். உண்மையில் யாராலும் சொல்ல முடியாதுதான்.

ஆனால் புதன்கிழமையே நடக்க வேண்டியது நடந்துவிட்டிருந்தது. பொன்னமராவதிக்கு மேற்கே செவ்வூரணிப்பட்டியில் கண்மாய் வெட்டிக்கொண்டிருந்த ராக்காயி பகல் பன்னிரண்டரைக்கு மண்வெட்டியோடு சாய்ந்துவிட்டாள். அங்கே வேலையைக் கவனிக்கும் சின்னப்பிள்ளை என்பவள் ஷர்லிக்குப் போன் போட்டாள். ஷர்லியின் வெள்ளிக்கிழமைப் பத்தியை வேலைத்தளத்தில் சத்தமாகப் படித்துக் காட்டிவந்தவள் அவள்தான்.

"ஏங்க, நீங்க ஏன் இப்பல்லாம் எழுதுறதில்ல? முந்தி மாதிரி ஒரு வார்த்தை எழுதியிருந்தா வெள்ளனவே முடிச்சுட்டுக் கரையேறியிருப்போமே."

ஷர்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ராக்காயி கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஐம்பது வயதுக்காரி, ஒரே நாளில் அறுபதாகத் தெரிந்தாள்.

"நாங்க வெயிலே பாக்காதவங்களா? பொறந்ததுலேர்ந்து வெயில்லதான் கெடக்கேன். இது என்னமோ வேற மாதிரி இருந்துச்சும்மா. திடீர்னு வேர்வை நின்னு போச்சு. நின்னதும், சரி, வெயிலு தணிஞ்சிருச்சுபோலன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான் தெரியும்."

வேர்வை நின்றால்தான் ஆபத்து. அந்த ஒரு வரியை இந்தப் பெண்ணுக்குச் சொல்வதற்காகத்தான் ஷர்லி இத்தனை வருஷம் படித்ததும் எழுதியதும். அந்த வரி இரண்டு மாடிக் கட்டடத்தில் ஒப்புதலுக்காகக் காத்துக்கொண்டிருந்த நேரத்தில், இவள் மண்ணில் விழுந்து கிடந்திருக்கிறாள். ஷர்லி ராக்காயியின் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கால் இன்னும் சுட்டது.

வெள்ளிக்கிழமை இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். நாராயணன் நிஜமாகவே பதறிப்போனார்.

"அடடா! அந்த அம்மாவுக்கு நம்ம நோட்டீஸ் கெடைச்சிருந்துச்சா?"

"புதன்கிழமை நோட்டீஸே இல்ல சார். குழு பேசிக்கிட்டு இருந்துச்சு."

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார் நாராயணன். "நோட்டீஸ் கெடைச்ச பெறகு விழுந்திருந்தா நமக்கு எவ்வளவு பெரிய சிக்கல்!"

பிறகு அவர் முகம் மலர்ந்தது. முகமையின் ஆண்டு விழாவை அதே செவ்வூரணிப்பட்டியில் வைத்துவிடலாம். முகமையின் மாநிலத் தலைவர் ஆதப்பன் சென்னையிலிருந்து வருகிறார். பாதிக்கப்பட்ட அம்மாவை மேடைக்கு முன்னால் உட்கார வைத்துக் கௌரவிக்கலாம்.

"அப்ப காலைல ஏழு மணிக்கு வச்சுருவோம் சார். இல்லேன்னா பள்ளிக்கூடத்துக்குள்ள வைப்போம்."

நாராயணன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஷர்லி, வெப்ப விழிப்புணர்வு விழா. வெப்பம் இல்லாத நேரத்துல வச்சா எடுபடுமா?"

அடுத்த புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு விழா. கண்மாய்க்குப் பக்கத்துப் பொட்டலில் மேடை போட்டிருந்தார்கள். மேடைக்குத் துணிப்பந்தல், நாலு மூலையிலும் நாலு ஏர்கூலர். ஜனங்களுக்குப் பந்தல் கிடையாது. போட்டால், மேலேயிருந்து டிரோன் எடுக்கும் படத்தில் கூட்டம் தெரியாதாம். அதே காரணத்துக்காகக் குடை பிடிக்கவும் முந்தானையைத் தலையில் போடவும் கூடாது என்று மைக்கில் நாலு தடவை அறிவித்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் காய்ந்த தோசைக்கல்லாய்க் கிடந்ததால், முதலில் உட்கார்ந்தவர்கள் எழுந்து, சேலையை மடித்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.

ஆதப்பன் பன்னிரண்டு பத்துக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாக, முன்வரிசையில் இருந்த ராக்காயிக்கு 'வெப்ப விழிப்புணர்வுத் தூதர்' என்ற பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்தினார். ஊட்டியிலிருந்து வரவழைத்த கம்பளிச் சால்வை. "தூதர் சால்வையை எடுக்காம இருக்கணும், இன்னும் போட்டோ இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். ராக்காயி மரியாதைக்காரி. எடுக்கவில்லை.

ஆதப்பன் பேசத் தொடங்கினார்.

"அன்பார்ந்த பெருமக்களே! வெப்பம், வெப்பம் என்று சிலர் பீதியைக் கிளப்புகிறார்கள். நான் சென்னையிலிருந்து ஏழு மணி நேரம் காரில் வந்திருக்கிறேன். காருக்குள் எங்கேயுமே எனக்கு வெப்பம் தெரியவில்லை. மனம் இருந்தால் போதும். நம் புதுக்கோட்டை முகமையின் பதிவேட்டை இப்போதுதான் பார்த்தேன். மெய்சிலிர்த்துவிட்டது. ஒரு வருடமாக இந்த மாவட்டத்தின் வெப்பநிலை இருபத்துநாலு டிகிரியைத் தாண்டவே இல்லை! மற்ற மாவட்டங்களில் ஏன் நாற்பது காட்டுகிறது? கருவியை வெயிலில் போட்டு வைத்திருக்கிறார்கள். அக்கறை இல்லை! இங்கே அதைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். கருவியையே இப்படிப் பார்த்துக்கொள்கிறவர்கள் உங்களை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்!"

கை தட்டச் சொல்லியிருந்ததால் தட்டினார்கள். ஒரு கிழவர் தட்டப்போன கைகளை நெற்றிக்கு நேரே குடையாக வைத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. அதைத் தூக்கிக்கொண்டு எழுந்த தாயை, படம் எடுத்து முடியும்வரை உட்காரச் சொன்னார்கள்.

அடுத்ததாக, தொடர்பாளர் ஷர்லி மக்களுக்கு எச்சரிக்கையை வாசிப்பார் என்றார்கள். ஷர்லி மைக் முன்னால் வந்து நின்றாள். கையில் லக்ஷ்மணன் கையெழுத்துப் போட்ட தாள்.

"உரிய காலத்தில், உரிய இடங்களில், மேம்பட்ட சூரிய..."

நிமிர்ந்து பார்த்தாள். நேர் எதிரே ராக்காயி. கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து நெற்றியைத் துடைத்துவிட்டு, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை காய்ந்திருந்தது. சுற்றியிருந்த எல்லாருக்கும் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது, அவளைத் தவிர.

ஷர்லி தாளைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் எந்திரிங்க" என்றாள். "இந்த வெயில் ஆளைக் கொன்னுபுடும். கண்மாய்க்கரைப் புளியமரத்துக்கு அங்கிட்டு நெழல்ல போயி உக்காருங்க. பச்சைப்பிள்ளை வச்சிருக்கவங்க பள்ளிக்கூட வராண்டாவுக்குப் போங்க. தண்ணி குடிங்க. யாருக்காச்சும் வேர்வை நின்னுபோனா வெயில் கொறஞ்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல, உசுருக்கு ஆபத்துன்னு அர்த்தம். ஒடனே மேல தண்ணிய ஊத்துங்க. சின்னப்பிள்ளை, ராக்காயியப் புடி!"

ஒரு நொடி யாரும் அசையவில்லை. ஒரு விழாவில் இப்படிப் புரிகிற மாதிரி யாரும் பேசி அவர்கள் கேட்டதில்லை. அப்புறம் நானூறு நாற்காலிகளும் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தன.

ஷர்லி மேடையிலிருந்து குதித்து, சின்னப்பிள்ளை மேல் கண்மூடிச் சாய்ந்திருந்த ராக்காயியின் சால்வையைப் பிடுங்கி எறிந்தாள். குடிதண்ணீர் டிரம் அதற்குள் காலியாகியிருந்தது. மேடைக்கு ஓடி ஏர்கூலரின் அடித்தொட்டியை இழுத்தெடுத்து, அதிலிருந்த தண்ணீரை அப்படியே ராக்காயி தலையில் கவிழ்த்தாள். இரண்டாவது கூலர். மூன்றாவது கூலர் ஆதப்பனுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் காலைத் தூக்கி வழிவிட்டார். நாலாவது தொட்டியின்போது ராக்காயி கண்ணைத் திறந்து, "என்னடி இது, மழையா?" என்றாள். சின்னப்பிள்ளை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மேடையில் விழா நிற்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் இன்னும் உறுதிமொழியும் நன்றியுரையும் பாக்கி இருந்தன. காலி நாற்காலிகளைப் பார்த்து ஆதப்பன் உறுதிமொழியைச் சொல்ல, இயக்குநரும் சொற்குழுவும் திருப்பிச் சொன்னார்கள். அப்போதுதான் அவர்களுக்கு முதன்முறையாகக் கொஞ்சம் வேர்த்தது.

அடுத்த வாரம் தெய்வானை இரண்டு உறைகளோடு ஷர்லியின் மேசைக்கு வந்தார்.

"ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கம்மா. இது மெமோ, இது பாராட்டு. மாத்திப் போட்டுறாத."

பட்டியலில் இல்லாத பதினேழு சொற்களைப் பொதுமேடையில் பயன்படுத்தியதற்காக மெமோ. அவற்றை வரிசையாக அடித்திருந்தார்கள். 'வெயில்' முதலிலும் 'உசுரு' கடைசியிலும் இருந்தன. பாராட்டு மேலிடத்திலிருந்து வந்திருந்தது. ஒரே உரையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் நாற்பது நொடியில் தங்கள் நடத்தையை மாற்றிக்கொண்டது நாட்டிலேயே முதன்முறை என்றும், டிரோன் படமே அதற்குச் சாட்சி என்றும், இச்சாதனைக்காக இயக்குநர் நாராயணனுக்கு மாநில விருது வழங்கப்படுகிறது என்றும் அதில் கண்டிருந்தது. ஷர்லியின் பணிக்காலத்தை நீட்டிக்க இயலாது என்று மெமோவின் அடியில் ஒரு வரி இருந்தது.

"நல்ல பிள்ளைம்மா நீ" என்றார் தெய்வானை. "பட்டியலைப் பாத்துப் பேசியிருக்கலாம்."

ஷர்லி வீட்டுக்குப் போனாள். ரெண்டு நாள் படுத்துக் கிடந்தாள். நாற்பத்திரண்டு வயதில் கைவசம் இருந்த ஒரே தொழில் போய்விட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் சின்னப்பிள்ளையிடமிருந்து போன். "நாளைக்கு எப்புடிங்க இருக்கும்? நீங்களே பேசி அனுப்புங்க. எங்க ஆளுக வாட்ஸ்அப்ல போட்டு விட்டுர்றேன்."

ஒரு நிமிஷம் பேசி அனுப்பினாள். மறுநாள் கட்டுமாவடியிலிருந்து சந்தனம் கூப்பிட்டார். காற்று எப்படி, கடலுக்குப் போகலாமா என்று கேட்டார். அதற்கும் பேசினாள். ஆடி வருவதற்குள் அந்தக் குரல் மாவட்டமெங்கும் போய்க்கொண்டிருந்தது. பிழைப்புக்குப் பள்ளிப்பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, நாளைக்கு எப்படி என்று ஊருக்குச் சொன்னாள். மறு கோடையில் செவ்வூரணிப்பட்டியில் காலை ஆறரைக்கே வேலை தொடங்கி, பத்தரைக்கெல்லாம் கரையேறினார்கள். ராக்காயியும்தான்.

அந்தப் பங்குனியில் ஒருநாள் நாராயணன் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஷர்லி, ஒரு சொந்த விஷயம். என் சம்சாரம் அபிராமி நார்த்தாமலைக்குப் பால்குடம் எடுக்குறா. புதுக்கோட்டைலேர்ந்து நடை, காலுல செருப்பு கெடையாது. ஞாயித்துக்கெழமை எத்தனை மணிக்குக் கெளம்புனா நல்லது?"

"முகமைலேர்ந்து நோட்டீஸ் வந்திருக்குமே சார்?"

எதிர்முனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"வந்திருக்கு. நாந்தான் கையெழுத்துப் போட்டேன். காலைலேர்ந்து மூணு தடவை படிச்சுட்டேம்மா. அவளைப் போகச் சொல்றாங்களா, போக வேணாங்கிறாங்களான்னு தெரியல."

கோபம் வரும் என்று ஷர்லி பார்த்தாள். வரவில்லை. செருப்பில்லாமல் நடக்கப்போகும் ஒருத்தியின் கால்தான் கண்முன் வந்தது.

"காலைல நாலு மணிக்கெல்லாம் கெளம்பிரச் சொல்லுங்க சார்" என்றாள். "ஒம்போதுக்குள்ள கோயிலுக்குள்ள இருக்கணும். வழியில..."

"இருங்க இருங்க" என்றார் நாராயணன். மேசை இழுப்பறை திறக்கும் சத்தமும், காகிதம் கிழிபடும் சத்தமும் கேட்டன. "ம், இப்ப சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. நீங்க சொன்ன மாதிரியே எழுதிக்கிறேன்."